இயற்கைச் சாயக் கலைஞர்களுக்கு: ஐப்பசி முதல் மாசி வரை ஓடும் பயண சீசனுக்குத் தயாராவது எப்படி?

இயற்கைச் சாயம், கலம்காரி, பாத்திக், கையச்சு, கைத்தையல் என்று துணியில் வேலை செய்யும் எல்லோருக்கும் அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை நிற்க நேரமிருக்காது. ஒரு ஊரில் கண்காட்சி, அடுத்த ஊரில் வகுப்பு, நடுவில் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு. ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான் வரும். அது கையில் தங்குமா, லாரி வாடகையிலும் அபராதத்திலும் கரையுமா என்பது நாம் ஊரில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. எந்தக் காகிதம் எங்கே கிடைக்கும் என்று ஒவ்வொரு கவுன்டராக அலைந்து, கேட்டுக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன். முதல் சீசனுக்குக் கிளம்பும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் சாயக்காரி என்பதால் உதாரணங்கள் சாயத்திலிருந்தே வரும். மற்றவர்கள் உங்கள் வேலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. தேதிகளை முதலில் எழுதுங்கள், சாய வேலையை அதற்கு முன்னால் முடியுங்கள்

ஒரு பெரிய காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சித் தேதிகளை மட்டும் முதலில் குறியுங்கள். ஃபரீதாபாத்தில் நடக்கும் சூரஜ்குண்ட் மேளா பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். மும்பை காலா கோடா கலைவிழாவும் ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம் என்று அதையொட்டியே வரும். சென்னையில் மார்கழிக் கச்சேரிக் காலம் நல்ல விற்பனைக் காலம். டெல்லி ஹாட்டில் கைவினைஞர்களுக்குக் கடை கிடைத்தால் 15 நாள் சுழற்சியில் கிடைக்கும். ஆக, எல்லாவற்றுக்கும் போக முடியாது. எதை விடுவது என்பதை ஆனி, ஆடியிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சிக்கல். வடக்கே வெயில் இதமாகி மேளாக்கள் களைகட்டும் நேரத்தில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி அடைமழையில் துணி காயாது. சாயம் பிடிப்பதற்காகப் படிகாரம் ஏற்றிய துணி ஈரத்தோடு மடிந்து கிடந்தால் திட்டுத் திட்டாகும். கடுக்காய்த் துணியில் பூஞ்சை பிடிக்கும். அதனால் சீசனில் விற்கும் சரக்கு மொத்தமும் புரட்டாசி முடிவதற்குள் சாயம் போட்டு, அலசி, காய்ந்து, மடித்து உள்ளே இருக்க வேண்டும். ‘தீர்ந்துபோனால் நவம்பரில் போட்டு அனுப்பிக்கொள்ளலாம்’ என்று திட்டம் போடாதீர்கள்.

ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் நான்கு நாளாவது வெறுமையாக விடுங்கள். கணக்கு முடிக்க, மிச்சச் சரக்கை எண்ண, கைக்கும் முதுகுக்கும் ஓய்வு கொடுக்க அந்த நாட்கள் வேண்டும். மேளா நடக்கும் நாட்களுக்குள் வகுப்பு ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டும் கெடும்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

முதல் வேலை, கைவினைஞர் அடையாள அட்டை. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழுள்ள கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் ‘பெஹ்சான்’ என்ற பெயரில் இதைக் கொடுக்கிறது. கட்டணம் கிடையாது. ஆதார், புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், மொபைல் எண் வேண்டும். நீங்கள் உண்மையிலேயே அந்த வேலையைச் செய்பவர்தானா என்று நேரில் பார்த்துச் சரிபார்ப்பார்கள். அதனால் விண்ணப்பித்த மறுவாரமே அட்டை வரும் என்று நம்பி மேளாவுக்கு மனுப் போடாதீர்கள். சில மாதம் முன்பே தொடங்குங்கள். நெசவாளர்களுக்கு அட்டை தனி, அதைக் கைத்தறிப் பிரிவு கொடுக்கிறது. தறியில் நெய்து நீங்களே சாயமும் போடுகிறீர்கள் என்றால் எதில் பதிவு செய்வது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அரசு ஏற்பாடு செய்யும் பல கண்காட்சிகளில் இந்த அட்டை இல்லாமல் கடை கிடைக்காது.

இரண்டாவது, உத்யம் பதிவு. சிறு தொழில் நடத்துபவர் என்பதற்கான சான்று. அரசுத் தளத்தில் இதுவும் இலவசம்தான். பணம் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். அவற்றுக்குள் நுழையாதீர்கள்.

கருப்பூர் கலம்காரி போலப் புவிசார் குறியீடு பெற்ற கலையைச் செய்பவர் என்றால், அந்தக் குறியீட்டை உங்கள் அட்டையிலும் லேபிளிலும் போட நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவாகியிருக்க வேண்டும். ஊர் அதுவாக இருந்தால் மட்டும் போதாது.

இவற்றோடு பான் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ரத்து செய்த காசோலை, பாஸ்போர்ட் அளவுப் படங்கள் எல்லாவற்றிலும் ஐந்தைந்து நகல் ஒரு கோப்பில். நீங்கள் வேலை செய்வதைக் காட்டும் படங்களும் வேண்டும். சாயத்தொட்டி, எழுதுகோல், காயும் துணி என்று படிப்படியாக எடுத்து வையுங்கள். விண்ணப்பங்களில் முடிந்த பொருளின் படத்தைவிட இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

3. ஜிஎஸ்டியும் இ-வே பில்லும்

புதியவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. கவனமாகப் படியுங்கள்.

வேறு மாநிலத்துக்குப் பொருள் கொண்டுபோய் விற்றால், விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பது பொது விதி. கைவினைப் பொருளுக்கு இதில் ஒரு விலக்கு உண்டு. அரசு வெளியிட்ட பட்டியலில் உள்ள, பெரும்பாலும் கையாலேயே செய்த பொருளாக இருந்து, உங்கள் ஆண்டு மொத்த விற்பனை 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பதிவில்லாமலே வெளிமாநிலத்தில் விற்கலாம். இரண்டு நிபந்தனை: பான் எண் இருக்க வேண்டும், இ-வே பில் (சரக்கை வண்டியில் கொண்டுபோவதற்கு அரசின் இணையதளத்தில் எடுக்கும் சீட்டு) எடுக்க வேண்டும். கையால் அச்சிட்ட துணி, கையால் செய்த சால்வை போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் பொருள் இருக்கிறதா என்று ஒரு கணக்காளரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

விலக்கில் வராதவர்கள் ஜிஎஸ்டியில் தற்காலிக வணிகராகப் பதிய வேண்டும். அது 90 நாள் செல்லும். விற்பனை தொடங்குவதற்கு ஐந்து நாளாவது முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எவ்வளவு விற்கும் என்று மதிப்பிட்டு வரியை முன்கூட்டியே கட்டவும் வேண்டும்.

இ-வே பில்லில் ஒரு கண்ணி இருக்கிறது. 50,000 ரூபாய்க்குக் குறைந்த சரக்குக்கு இது தேவையில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். சாதாரணச் சரக்குக்கு அது சரி. மேலே சொன்ன விலக்கில் மாநிலம் தாண்டும் கைவினைப் பொருளுக்கு மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். ஜிஎஸ்டி எண் இல்லாதவரும் அந்தத் தளத்திலேயே எடுக்கலாம். சாலை வழியில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அது செல்லும். லாரி கிளம்புவது தள்ளிப்போனால் தேதியைப் பாருங்கள். ரயில் பார்சலில் அனுப்பினால், போய்ச் சேரும் ஸ்டேஷனில் இ-வே பில்லைக் காட்டினால்தான் மூட்டையைக் கொடுப்பார்கள். அதன் நகல் சரக்கை எடுக்கப் போகிறவர் கையில் இருக்கட்டும்.

இ-வே பில்லோடு ஒரு டெலிவரி சலானும் (கூடவே போகும் சரக்குப் பட்டியல்) எழுதுங்கள். ‘துணி, 3 மூட்டை’ என்று எழுதினால் சோதனையில் பிரிக்கச் சொல்வார்கள். ‘இயற்கைச் சாயப் பருத்தி துப்பட்டா 60, மேசை விரிப்பு 25’ என்று எண்ணிக்கையும் மதிப்பும் போட்டு எழுதுங்கள்.

4. மூட்டை, ரயில், விமானம்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. பிப்ரவரி டிக்கெட்டுக்கு டிசம்பர் தொடக்கத்திலேயே தயாராக இருங்கள். வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது லக்கேஜையும் சேர்த்து யோசியுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் இலவசமாக 40 கிலோதான். ஸ்லீப்பரில் பணம் கட்டி 80 வரை உடன் கொண்டுபோகலாம், மூன்றாம் ஏசியில் 40-க்கு மேல் விடமாட்டார்கள். அதற்கு மேல் இருந்தால் பார்சல் வேனில் புக் செய்யுங்கள். சென்னையிலிருந்து டெல்லிக்கு நாம் ஒன்றரை நாளில் போய்விடுவோம், மூட்டை அதே வண்டியில் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முன்கூட்டியே அனுப்பிவிட்டு, முதல் இரண்டு நாள் கடையை நடத்தும் அளவுக்குச் சரக்கை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான். கத்தரிக்கோல், ஊசி, பிளேடு எல்லாம் செக்-இன் பெட்டியில். சாயத் தொட்டியில் சிலர் போடும் ஹைட்ரோஸ் உப்பு, காஸ்டிக் சோடா இரண்டையும் எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள். ஹைட்ரோஸ் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, காஸ்டிக் அரிக்கும். பயணிகளின் பெட்டியில் இரண்டுக்கும் இடமில்லை. தேவைப்பட்டால் போகும் ஊரிலேயே வாங்கித் தரச் சொல்லுங்கள்.

சரக்குக்குக் காப்பீடு எடுங்கள். 2025 ஏப்ரல் 30 அன்று டெல்லி ஹாட்டில் பிடித்த தீயில் இருபதுக்கும் மேற்பட்ட கடைகள் எரிந்தன. கைவினைஞர்களின் சரக்கு மொத்தமாகப் போனது. வழியில் மட்டும் அல்லாமல் கண்காட்சி அரங்கில் இருக்கும் நாட்களுக்கும் பாலிசி பொருந்துமா என்று கேட்டு, அந்த வரியைக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். கிளம்பும் முன் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்த நிலையில் படம் எடுத்து, பட்டியலோடு சேர்த்து மெயிலில் போட்டு வையுங்கள்.

5. வகுப்பு எடுக்க ஒப்புக்கொள்ளும் முன்

இரண்டு நாள் வகுப்பு என்று அழைப்பார்கள். அது உங்களுக்கு இரண்டு நாள் வேலை இல்லை. காடாத் துணியை வேகவைத்துக் கஞ்சி நீக்க ஒரு நாள், கடுக்காயும் படிகாரமும் ஏற்றிக் காயவைக்க இரண்டு நாள், போய்வர இரண்டு மூன்று நாள், வகுப்பு இரண்டு நாள். ஒரு வாரம் ஓடிவிடும். ஊரில் ஒரு நாள் உட்கார்ந்து சாயம் போட்டால் எவ்வளவு சம்பாதிப்பீர்களோ அதை ஏழால் பெருக்குங்கள். உங்கள் கட்டணம் அதற்குக் கீழே போகக்கூடாது. இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். நாம் குறைத்து வாங்கினால் அடுத்து வரும் கலைஞருக்கும் அதே தொகையைத்தான் காட்டுவார்கள்.

போனில் பேசியதை அன்றே மெயிலில் எழுதி ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். அதில் இவை இருக்கட்டும்: கட்டணம் எவ்வளவு, எப்போது வரும். சாமான் செலவு கட்டணத்தில் சேராமல் தனி. பயணம், தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு. அதிகபட்சம் எத்தனை பேர். நனைத்துச் செய்யும் வேலைக்கு ஒருவரே பார்த்துக்கொள்ள 12 பேருக்கு மேல் வேண்டாம் என்பேன். ரத்தானால் என்ன, நீங்கள் துணி தயார் செய்த பிறகு ரத்து செய்தால் பாதிக் கட்டணமாவது வர வேண்டும். கடைசியாக, வீடியோ. ஒரு இடத்தில் என் வகுப்பை முழுவதுமாகப் படம் பிடித்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பிறகு காசுக்கு விற்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ‘படம் எடுக்கலாம், செய்முறையை முழுதாகப் பதிவு செய்யக்கூடாது’ என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

முன்பணமாக மூன்றில் ஒரு பங்காவது கேளுங்கள். கல்லூரிகள் முன்பணம் தருவது அரிது. அங்கே பயண டிக்கெட்டையாவது அவர்களையே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

6. வகுப்புக்கான துணியும் தண்ணீரும்

பருத்திக்குச் சாயம் பிடிக்க முன்வேலை நாட்கணக்கில் ஆகும். வகுப்பில் அதை முதலிலிருந்து செய்து காட்ட நேரம் போதாது. ஒரு சிறு துண்டில் செய்து காட்டிவிட்டு, மாணவர்களுக்குத் தயார் செய்த துணியைக் கொடுங்கள்.

அளவு இப்படிப் போடுங்கள். 12 பேருக்குத் தலைக்கு ஒரு மீட்டர், மீட்டர் 120 கிராம் என்றால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ துணி. துணி எடையில் 15 சதவீதம் படிகாரம் என்றால் சுமார் 220 கிராம். சிவப்புச் சாயத்துக்கு மஞ்சிட்டி வேர் துணி எடையில் பாதி வைத்தால் 720 கிராம். துணி எடையைப்போல் 25 மடங்கு தண்ணீர் என்றால் 36 லிட்டர், அது கொதிக்காமல் சூடேற 50 லிட்டர் ஸ்டீல் பாத்திரமும் அதைத் தாங்கும் அடுப்பும் வேண்டும். ‘பாத்திரம் இருக்கிறது’ என்பார்கள், போய்ப் பார்த்தால் அலுமினியக் குண்டானும் இண்டக்ஷன் அடுப்பும் இருக்கும். அளவைச் சொல்லி, அடுப்பின் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கடுக்காய் ஏற்றிய துணியை எடுத்துப் போகும்போது இரும்பு படவே கூடாது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. நாம் அன்னபேதி என்ற இரும்பு உப்பைப் போட்டுக் கறுப்பு வரவழைப்பது இந்த வழியில்தான். அதே வேலையை ஒரு துருப்பிடித்த குண்டூசியும் செய்யும். விலைச் சீட்டு மாட்டிய ஸ்டேப்ளர் பின், பழைய டிரங்குப் பெட்டியின் மூலை, ஈரக் கையோடு தொட்ட இரும்பு மேசை, எதுவானாலும் பட்ட இடத்தில் மிளகு அளவுக்குக் கறுப்புப் புள்ளி விழும். துவைத்தால் போகாது. பருத்திப் பையில் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, சீட்டை நூலால் கட்டுங்கள்.

தண்ணீரும் ஊருக்கு ஊர் மாறும். இரும்பு கலந்த போர்த் தண்ணீரில் மஞ்சிட்டிச் சிவப்பு மங்கிப் பழுப்படிக்கும். மாதுளை ஓட்டு மஞ்சள் பாசி நிறத்துக்குப் போகும். வகுப்பு நடத்துபவரிடம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். சந்தேகமிருந்தால் படிகாரம் ஏற்றிய துணியில் ஒரு சாண் துண்டை முந்தின நாளே அந்தத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நிறம் கெட்டால் சாயத் தொட்டிக்கு மட்டும் கேன் தண்ணீர் கேட்டு வாங்குங்கள்.

அவுரித் தொட்டி வைப்பதாக இருந்தால் ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள். நீலம் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு, பழச்சர்க்கரை மூன்று என்ற தொட்டி நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் தயாராகிவிடும். ஜனவரி டெல்லிக் குளிரில் அப்படி வராது. வெந்நீரில் கரைத்து, கம்பளி சுற்றி வைக்க ஏற்பாடு செய்யுங்கள். வெல்லம் போட்டுப் புளிக்கவைக்கும் தொட்டியை அந்தக் குளிரில் முயலவே வேண்டாம்.

7. கருத்தரங்குகள்

கருத்தரங்கில் பெரும்பாலும் பணம் வராது. பதிவுக் கட்டணம் நாம்தான் கட்ட வேண்டியிருக்கும். ஆனாலும் அடுத்த ஆண்டு வகுப்புகளுக்கான அழைப்புகள் பல இங்கிருந்துதான் வருகின்றன, அதனால் சீசனுக்கு ஒன்றாவது போங்கள். கைவினைஞர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று கேளுங்கள். அறிவிப்பில் போடாவிட்டாலும் கேட்டால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சுருக்கம் அனுப்பக் கடைசித் தேதி நிகழ்ச்சிக்குப் பல மாதம் முன்பே வந்துவிடும். 250 சொல்லில் உங்கள் வேலையைப் பற்றித் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று எழுதி எப்போதும் தயாராக வையுங்கள். மேடையில் படங்களை மட்டும் காட்டாமல், ஒரே துணியில் வெவ்வேறு படிகாரம், வெவ்வேறு தண்ணீரில் வந்த நிறங்களைத் துண்டுகளாகத் தைத்துக் கையில் கொடுங்கள். அவை வரிசை வரிசையாகச் சுற்றி வரும்.

8. வெளிநாட்டு அழைப்பு வந்தால்

அழைப்புக் கடிதத்தில் பணம் தருகிறார்களா, எதற்காக என்பது தெளிவாக இருக்க வேண்டும். விசா அதைப் பொறுத்ததுதான்.

அமெரிக்காவுக்கு பி-1 என்ற வணிகப் பயண விசாவில் போய் சம்பளத்துக்கு வகுப்பு எடுக்கக்கூடாது. பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் தரும் மதிப்பூதியம் மட்டும் வாங்கலாம். ஒரு இடத்தில் 9 நாளுக்கு மேல் போகக்கூடாது, ஆறு மாதத்தில் ஐந்து நிறுவனங்களுக்கு மேல் கூடாது. தனியார் ஸ்டூடியோ வகுப்பு இதில் வராது. பிரிட்டனில் நிபுணராக அழைக்கப்பட்டவர் பார்வையாளர் விசாவிலேயே, வந்து 30 நாளுக்குள், முன்பே ஏற்பாடான பணிக்குக் கட்டணம் வாங்கலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குள் போனால் எடுக்கமாட்டார்கள். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அங்கே வகுப்புக்குப் பணம் வாங்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், அழைப்பவர்களையே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசா கையில் வரும் முன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரும் துணிகளுக்கு ஏடிஏ கார்னே (சுங்கவரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோக உதவும் ஆவணம்) எடுக்கலாம். இந்தியாவில் ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு கொடுக்கிறது, ஓராண்டு செல்லும். பிணைத்தொகை கட்ட வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு துண்டும் திரும்பி வர வேண்டும். யாராவது ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று அதிலிருந்து ஒன்றை விற்றுவிடாதீர்கள். விற்கும் சரக்குக்கு ஏற்றுமதி வழி வேறு. அதற்கு ஐஇசி எனப்படும் இறக்குமதி-ஏற்றுமதிப் பதிவு எண் வேண்டும், கட்டணம் 500 ரூபாய். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் தளத்தில் போய் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும், இல்லையென்றால் எண் முடக்கப்படும்.

பழைய துணி மாதிரிகளைக் காட்ட எடுத்துப் போக நினைத்தால் கவனம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட துணியை நாட்டை விட்டுத் தனியார் கொண்டுபோகக்கூடாது என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். நீங்கள் சென்ற மாதம் எழுதிய கலம்காரிகூடப் பழையது போலத் தெரிந்தால் விமான நிலையத்தில் நிறுத்தலாம். தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று முன்பே வாங்கிவிடுங்கள். கடுக்காய், மஞ்சிட்டி வேர், மாதுளை ஓடு எல்லாம் தாவரப் பொருள்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் எல்லையிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். அங்கேயே வாங்கி வைக்கச் சொல்வதுதான் சரி.

அமெரிக்காவின் சாந்தா ஃபேயில் ஜூலையில் நடக்கும் நாட்டுப்புறக் கலைச் சந்தை மாதிரியான இடங்களுக்கு முந்தைய ஆண்டே விண்ணப்பிக்க வேண்டும். நம் சீசன் தொடங்கும் நேரமும் அந்த விண்ணப்ப நேரமும் ஒன்றோடொன்று மோதும். படங்களை ஆவணியிலேயே எடுத்து வைத்தால் தப்பிக்கலாம்.

9. திரும்பி வந்ததும்

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு கவர். டிக்கெட், பார்சல் ரசீது, கடை வாடகை, சாப்பாட்டு பில் எல்லாம் அதில். பயணப்படி தரும் நிகழ்ச்சிகளில் அசல் டிக்கெட் இல்லாமல் பணம் வராது. போனில் இருக்கும் குறுஞ்செய்தி போதாது.

ஒரே நிறுவனம் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வகுப்புக் கட்டணம் தந்தால் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20. பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வருமானத்துக்கு வரியே வராது என்றாலும், கணக்குத் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்ப வரும். கட்டணம் வராமல் இழுத்தடிப்பவர்களுக்கு மார்ச் முதல் வாரத்திலேயே நினைவூட்டுங்கள். நிதியாண்டு முடிந்துவிட்டால் ‘பட்ஜெட் போய்விட்டது’ என்று கைவிரிப்பவர்கள் உண்டு.

மிச்சச் சரக்கை எண்ணும்போது எந்த நிறம், எந்த அளவு, எந்த ஊரில் போனது என்று எழுதி வையுங்கள். சித்திரையில் காடாத் துணி வாங்கப் போகும்போது அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மீட்டர் வாங்குவது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.